பட்டயப் பள்ளிகளும் கற்றல் அடைவும்: திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

அரசு நிதியில் தனியார் அமைப்புகள் நடத்தும் பள்ளிகள் மாணவரின் கற்றல் அடைவை உயர்த்துகின்றனவா என்னும் வினா, அமெரிக்காவில் 1991 முதல் பட்டயப் பள்ளி என்னும் பெயரில் விவாதிக்கப்பட்டு வருகிறது. தமிழகத்தில் இதற்கு நெருக்கமான அமைப்பு அரசு உதவிபெறும் பள்ளியாகும். இக்கட்டுரை பட்டயப் பள்ளிகளைப் பற்றிய முதன்மை ஆய்வு முடிவுகளைத் தொகுத்து விளக்கி, அவற்றைத் திருவள்ளூர் மாவட்டத்தின், குறிப்பாகக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியின் சூழலோடு ஒப்பிடுகிறது. பள்ளியை நடத்துபவர் யார் என்பதைக் காட்டிலும் கற்பிக்கும் நேரமும் முறையுமே அடைவைத் தீர்மானிக்கின்றன என்பதும், இடம்பெயரும் தொழிலாளரின் குழந்தைகள் அடைவு அளவீட்டுக்குள்ளேயே வருவதில்லை என்பதும் இதன் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: பட்டயப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி, கற்றல் அடைவு, கல்வி உரிமைச் சட்டம், செங்கற்சூளை, இடம்பெயர்வு.

முன்னுரை

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 45 கி.மீ. தொலைவில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்துள்ளது கும்மிடிப்பூண்டி. சிப்காட் தொழில் வளாகம், அதனைச் சுற்றி வளர்ந்த குடியிருப்புகள், தெலுங்கு பேசும் சிற்றூர்கள், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம், வடமாநிலத் தொழிலாளர் தங்கும் வாடகை அறைகள் ஆகிய யாவும் ஒரே வட்டத்துள் அமைந்திருப்பது இப்பகுதியின் தனித்தன்மை. மாவட்டத்தின் பிற பகுதிகளில் செங்கற்சூளைகளும் அரிசி ஆலைகளும் பெருமளவில் உள்ளன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திருவள்ளூர் மாவட்ட மக்கள்தொகை 37 இலட்சத்துக்கு மேல். எழுத்தறிவு 84 விழுக்காடு. இச்சராசரி எண்ணுக்குள் மிக வேறுபட்ட குழந்தைப் பருவங்கள் அடங்கியுள்ளன. எனவே, எவ்வகைப் பள்ளி நல்ல பள்ளி என்னும் பொதுவான கேள்வி இங்கு எவருடைய குழந்தைக்கு என்னும் கூடுதல் கேள்வியையும் எழுப்புகிறது.

1. பட்டயப் பள்ளி: கருத்தும் தோற்றமும்

சார்ட்டர் பள்ளி என ஆங்கிலத்தில் வழங்கும் அமைப்பை இக்கட்டுரை பட்டயப் பள்ளி எனக் குறிக்கிறது. அரசு, ஓர் அமைப்புக்குக் குறிப்பிட்ட காலத்துக்குப் பள்ளி நடத்தும் ஒப்பந்தத்தை வழங்குகிறது, அதுவே பட்டயம். மாணவர் எண்ணிக்கைக்கேற்ப அரசு நிதி தரும். பள்ளி கட்டணம் பெறாது. ஆசிரியர் நியமனம், கால அட்டவணை, கற்பிக்கும் முறை ஆகியவற்றில் பள்ளிக்குப் பெருமளவு உரிமை உண்டு. அதற்கு ஈடாக, குறித்த காலத்துக்குள் மாணவர் அடைவு உயராவிடில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமற் போகலாம். இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல் முறையில் சேர்க்கை நடைபெறும்.

இக்கருத்தை 1988இல் பரவலாக்கியவர்களுள் ஒருவர் அமெரிக்க ஆசிரியர் சங்கத் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர். புதிய கற்பித்தல் முறைகளை ஆசிரியர்கள் சோதித்துப் பார்க்கும் களமாக அவர் இதனைக் கருதினார். 1991இல் மின்னசோட்டா மாநிலம் முதற்சட்டத்தை இயற்றியது. 1992இல் செயின்ட் பால் நகரில் முதற்பள்ளி தொடங்கப்பட்டது. பின்னர் இது ஆசிரியரின் சோதனைக்களம் என்னும் நிலையிலிருந்து, அரசுப் பள்ளியோடு போட்டியிடும் மாற்று என்னும் நிலைக்கு மாறியது. இம்மாற்றமே இன்றுவரை தொடரும் விவாதத்துக்கு அடிப்படை.

2. கற்றல் அடைவு குறித்த சான்றுகள்

ஒரு பட்டயப் பள்ளியின் மாணவர் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெறுவது, அப்பள்ளியின் திறனை மட்டும் காட்டுவதன்று. அக்கறையும் வாய்ப்பும் உள்ள பெற்றோரே விண்ணப்பித்து இடம் தேடுவர். அவர்களுடைய குழந்தைகள் எப்பள்ளியிலும் ஓரளவு நன்றாகவே படித்திருக்கக்கூடும். இத்தேர்வுச் சாய்வை நீக்க ஆய்வாளர்கள் இரு வழிகளைக் கையாண்டனர். முன்தேர்வு மதிப்பெண்ணிலும் குடும்பப் பின்னணியிலும் ஒத்த அரசுப் பள்ளி மாணவரோடு ஒப்பிடுவது ஒன்று. குலுக்கலில் இடம் பெற்றோரையும் அதே குலுக்கலில் இடம் பெறாதோரையும் ஒப்பிடுவது மற்றொன்று. இரு சாராரும் விண்ணப்பித்தவர்களே ஆதலால், அவர்களைப் பிரித்தது தற்செயல் மட்டுமே. எனவே பின்னது வலுவான முறை.

முதல்வழியைப் பின்பற்றியவை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரெடோ மையம் வெளியிட்ட அறிக்கைகள். 2009இல் வெளியான அறிக்கையின்படி, கணிதத்தில் 17 விழுக்காட்டுப் பட்டயப் பள்ளிகளே ஒப்பீட்டுப் பள்ளிகளை விஞ்சின. 37 விழுக்காடு பின்தங்கின. எஞ்சியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. 2023இல் வெளியான மூன்றாம் அறிக்கையில் நிலை மாறியது. 180 நாள் கொண்ட கல்வியாண்டில், வாசிப்பில் 16 நாளுக்கும் கணிதத்தில் 6 நாளுக்கும் ஈடான கூடுதல் வளர்ச்சியைச் சராசரிப் பட்டயப் பள்ளி மாணவர் பெற்றனர். அதே அறிக்கையில், இணையவழி மட்டும் நடக்கும் பட்டயப் பள்ளிகளின் மாணவர் பெரிதும் பின்தங்கியிருந்தனர்.

பாஸ்டன் நகரில் குலுக்கலை அடிப்படையாகக் கொண்டு நடந்த ஆய்வுகள் பெரிய முன்னேற்றத்தைக் காட்டின. ஆனால் அதே மாநிலத்தின் நகர்ப்புறமல்லாத பட்டயப் பள்ளிகளில் அத்தகைய பயன் காணப்படவில்லை. ஒரே சட்டத்தின்கீழ், ஒரே மாநிலத்தில் இயங்கும் பள்ளிகள் இவ்வாறு வேறுபடுவதால், பட்டயம் என்னும் சட்டவடிவம் தனியாக விளைவை உண்டாக்குவதில்லை என அறியலாம்.

அவ்வாறாயின் விளைவை உண்டாக்குவது எது? நியூயார்க் நகரப் பட்டயப் பள்ளிகளை ஆராய்ந்த வில் டாபி, ரோலண்ட் ஃபிரையர் ஆகியோர் 2013இல் ஒரு விடையை முன்வைத்தனர். வகுப்பின் அளவு, மாணவர் ஒருவருக்கான செலவு, ஆசிரியரின் சான்றிதழ் ஆகியவை அடைவோடு தொடர்புறவில்லை. ஆசிரியருக்கு அடிக்கடி கருத்துரை வழங்குதல், மதிப்பீட்டுத் தரவைக் கொண்டு பாடத்தைத் திருத்துதல், சிறுகுழுத் தீவிரப் பயிற்சி, கூடுதல் கற்பித்தல் நேரம், உயர்ந்த எதிர்பார்ப்பு ஆகிய ஐந்தும் அடைவோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தன. ஃபிரையர் இவ்வைந்து நடைமுறைகளையும் ஹூஸ்டன் நகரில் பின்தங்கிய அரசுப் பள்ளிகளிலேயே புகுத்திப் பார்த்தார். கணித அடைவு குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. வாசிப்பில் அத்தகைய உயர்வு இல்லை. நிருவாகத்தை மாற்றாமலே நடைமுறையை மாற்ற இயலும் என்பதற்கு இது தக்க சான்று.

வளரும் நாடுகளில் லைபீரியா குறிப்பிடத்தக்க எடுத்துக்காட்டு. 2016இல் 93 அரசுப் பள்ளிகள் எட்டு அமைப்புகளிடம் ஒப்படைக்கப்பட்டன. ஓராண்டில் அடைவு 0.18 திட்டவிலக்க அளவு உயர்ந்தது. கீழிருந்து எண்ணும்போது நூறு பேரில் 50ஆம் இடத்தில் இருந்த மாணவர் 57ஆம் இடத்துக்கு உயர்வதற்கு இது ஏறத்தாழ ஈடாகும். எனினும், ஒரு பெரிய ஒப்பந்த அமைப்பு தன் பள்ளிகளில் மிகுந்திருந்த மாணவரையும், திறன் குறைந்தோர் எனக் கருதிய ஆசிரியரையும் வெளியேற்றியது. அவர்கள் அருகிலுள்ள பிற பள்ளிகளின் சுமையாயினர். அடைவு உயர்ந்த கணக்கில் இவ்விழப்பு தானாகச் சேர்வதில்லை.

3. தமிழக இணை: அரசு உதவிபெறும் பள்ளிகள்

1854ஆம் ஆண்டின் உட்ஸ் கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் வழங்கும் முறையை இந்தியாவில் நிலைநிறுத்தியது. சமய அமைப்புகளும் அறக்கட்டளைகளும் ஊர்ப் பெரியோரும் தொடங்கிய பள்ளிகள் அம்முறையில் வளர்ந்தன. இன்று தமிழகத்தில் 8,000க்கும் மேற்பட்ட அரசு உதவிபெறும் பள்ளிகள் உள்ளன. ஆசிரியர் ஊதியத்தை அரசு தருகிறது, நியமனத்தை நிருவாகம் செய்ய, கல்வித்துறை ஒப்புதல் அளிக்கிறது, பணியிடங்களின் எண்ணிக்கை மாணவர் எண்ணிக்கையால் முடிவாகிறது, பாடத்திட்டம் அரசினுடையது.

பட்டயப் பள்ளியின் மூன்று கூறுகளான நிதி, உரிமை, பொறுப்பு ஆகியவற்றைக் கொண்டு நோக்கினால் வேறுபாடு தெளிவாகும். நிதி அரசினுடையது என்பதில் இரண்டும் ஒன்று. உரிமையைப் பொறுத்தவரை, உதவிபெறும் பள்ளிக்கு நியமனத்திலும் சேர்க்கையிலும் ஓரளவு இடமுண்டு. பாடத்திட்டத்திலும் ஊதியத்திலும் இல்லை. பொறுப்பைப் பொறுத்தவரை, ஆய்வும் தணிக்கையும் உண்டாயினும், காலவரையறை கொண்ட ஒப்பந்தமோ அடைவை அடிப்படையாகக் கொண்ட புதுப்பித்தலோ இல்லை. ஆகவே உதவிபெறும் பள்ளியை, பொறுப்புக்கூறு நீங்கிய பட்டயப் பள்ளி எனலாம்.

இங்கு ஒரு காலப் பொருத்தமும் கருதத்தக்கது. அமெரிக்காவில் பட்டயப் பள்ளிக்கு முதற்சட்டம் பிறந்த 1991ஆம் ஆண்டே தமிழகத்தில் மானிய வாயில் அடைபட்ட ஆண்டுமாகும். 1973ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தில் பின்னர்ச் சேர்க்கப்பட்ட 14-அ பிரிவு, 1991-92 கல்வியாண்டு முதல் தொடங்கப்பட்ட பள்ளிகளுக்கும் வகுப்புகளுக்கும் மானியம் இல்லை என வரையறுத்தது. இதன்பின் எழுந்த தனியார் பள்ளிகள் கட்டணத்தை நம்பின. கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதிகளின் புதிய குடியிருப்புகளில் எழுந்தவை இவ்வகைப் பள்ளிகளே. கட்டணமின்றிக் கற்பிக்கும் உதவிபெறும் பள்ளி, பழைய ஊர்களில் மட்டுமே எஞ்சியது.

நலத்திட்டங்களிலும் உதவிபெறும் பள்ளி மாணவர் நெடுங்காலம் இடைநிலையில் இருந்தனர். 2020இல் வந்த 7.5 விழுக்காட்டு மருத்துவ உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவருக்கு உரியது. 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் முதலில் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு மட்டும் அமைந்தது. ஊரகப் பகுதிகளின் உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு அது விரிவாக்கப்பட்டது 2024 ஜூலை 15 அன்று, திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில். நிருவாகம் எவருடையதாயினும் குழந்தையின் பசி ஒன்றே என்பதை அரசு ஏற்றுக்கொண்ட நிகழ்வாக இதனைக் கொள்ளலாம்.

4. இருபத்தைந்து விழுக்காட்டு ஒதுக்கீடு

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(இ) பிரிவு, சிறுபான்மையினர் நிறுவனங்கள் நீங்கலான தனியார் பள்ளிகளில் நுழைவுநிலை வகுப்பின் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கு ஒதுக்குகிறது. கட்டணத்தை அரசு ஈடுசெய்கிறது. விண்ணப்பங்கள் மிகுந்தால் தமிழகத்தில் குலுக்கல் நடைபெறுகிறது. அரசுப் பணம், தனியார் நிருவாகம், குலுக்கல் என்னும் மூன்றும் ஒருங்கே அமைவதால், ஆய்வுநோக்கில் பட்டயப் பள்ளிக்கு மிக நெருக்கமான இந்திய ஏற்பாடு இதுவே.

இத்தகைய இடப்பெயர்ப்பால் அடைவு உயருமா? அன்றைய ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேசத்தில் கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் ஆகியோர் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு விடை தருகிறது. குலுக்கல் வழி உதவிச்சீட்டுப் பெற்றுத் தனியார் பள்ளி சென்ற மாணவரும் இடம் பெறாதோரும் நான்காண்டுகளுக்குப் பின்னர்த் தெலுங்கிலும் கணிதத்திலும் ஒரே நிலையில் இருந்தனர். தனியார் பள்ளிகளில் மட்டும் கற்பிக்கப்பட்ட இந்தியில் அவர்கள் முந்தினர். அதே வேளை, மாணவர் ஒருவருக்கான செலவு தனியார் பள்ளிகளில் அரசுப் பள்ளிகளினதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தது. குறைந்த செலவில் அதே அடைவு என ஒரு சாரார் இதனை எடுத்துக்காட்டுவர்; பள்ளியை மாற்றியும் தாய்மொழியிலும் கணிதத்திலும் ஒன்றும் கூடவில்லையே என மறு சாரார் கூறுவர். இரண்டும் ஒரே முடிவின் இரு பக்கங்கள்.

5. தொழிற்பகுதியின் எதிர்த்திசைப் பாதை

கும்மிடிப்பூண்டியில் தனியார் பங்களிப்பு வேறொரு வடிவில் நிகழ்கிறது. 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம், வரையறுக்கப்பட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ திட்டம் இத்தகைய நிதியை அரசுப் பள்ளிகளுக்குத் திருப்புகிறது. பட்டயப் பள்ளியில் அரசு நிதியைத் தனியார் நிருவகிக்கின்றனர். இங்கோ தனியார் நிதியை அரசு நிருவகிக்கிறது. எனவே இதனை எதிர்த்திசைப் பட்டயம் எனலாம்.

இதன் நன்மை, பள்ளி எல்லார்க்கும் பொதுவாக நிற்பது. இதன் எல்லை, கண்ணுக்குப் புலப்படும் பணிகளே நன்கொடையாளரை எளிதில் ஈர்ப்பது. வகுப்பறை, கழிப்பறை, சுற்றுச்சுவர், திறன் பலகை ஆகியவை தேவையானவையே. ஆனால் நியூயார்க், ஹூஸ்டன் ஆய்வுகள் காட்டிய சிறுகுழுப் பயிற்சியும் கூடுதல் நேரமும் ஆசிரியருக்கான கருத்துரையும் பெயர்ப்பலகை பொறிக்க இடமளிக்காதவை.

6. அளவீட்டுக்கு வெளியே நிற்கும் குழந்தை

திருவள்ளூர் மாவட்டச் செங்கற்சூளைகளில் இருளர் உள்ளிட்ட உள்ளூர்க் குடும்பங்களும், ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா முதலிய மாவட்டங்களிலிருந்து வரும் குடும்பங்களும் உழைக்கின்றன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் தொடங்கும் பணி கோடையின் இறுதியில் முடிகிறது. முன்பணம் பெற்று வரும் குடும்பம், ஆயிரம் கற்களுக்கு இவ்வளவு என்னும் கூலிக்கு ஒன்றாக உழைப்பதால், ஈரக்கல்லைப் புரட்டிக் காயவைக்கும் வேலை குழந்தையின் கைக்கு எளிதில் வந்துவிடுகிறது. அக்குழந்தைகளுக்காகப் பணியிடத்திலேயே ஒடியா மொழியில், ஒடிசா அரசின் பாடநூல்களைக் கொண்டு கற்பிக்கும் மையங்கள் இம்மாவட்டத்தில் அரசும் தொண்டு நிறுவனங்களும் இணைந்து நடத்தியவை. பள்ளி குழந்தையைத் தேடிச் சென்ற அரிய முயற்சி இது.

இக்குழந்தையின் கல்வியாண்டு இரு மாநிலங்களில் பிளவுண்டது. ஜூனில் ஓரிடம், ஜனவரியில் வேறிடம். அடைவு வளர்ச்சியை அளக்கத் தொடக்க மதிப்பீடும் இறுதி மதிப்பீடும் தேவை. இக்குழந்தைக்கு ஒரே பள்ளியில் இரண்டும் அமைவதில்லை. முன்தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு இணைதேடும் முறையில் இவர் இணையின்றி நீங்குவார். குலுக்கல் ஆய்வுகள், இடம் பெற்றபின் வெளியேறியோரையும் கணக்கில் வைத்துக்கொள்ளும். ஆயினும் விண்ணப்பமே செய்யாதவரை அவை அறியா. தமிழகத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டுக்குப் பிறப்புச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று முதலியன வேண்டும். விண்ணப்பக் காலமும் வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் அமைவதால், சூளைக் குடும்பம் கணக்கு முடித்து ஊர் திரும்பும் நாளோடு அது மோதுகிறது.

அடைவுக்கேற்ப ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் பள்ளி இத்தகைய குழந்தையை எவ்வாறு நோக்கும்? அமெரிக்காவில் சில பட்டயப் பள்ளிகள், குறிப்பிட்ட வகுப்புக்கு மேல், இடையில் காலியாகும் இடங்களை நிரப்புவதில்லை. பாதியில் வரும் மாணவர் சராசரியைக் குறைப்பர் என்னும் அச்சமே காரணம் என்பது திறனாய்வாளர் கருத்து. திருவள்ளூரிலோ பாதியில் வருவது விதிவிலக்கன்று. பல குடும்பங்களின் வாழ்க்கை முறையே அது. கல்வி உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, இடம்பெயர்ந்த குடும்பங்களின் குழந்தைகளைச் சேர்ப்பதை உள்ளாட்சி அமைப்பின் கடமையாக்குகிறது. ஒப்பந்தம் தனியாரிடம் சென்றால் இக்கடமையைச் சுமப்பவர் யார் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டியதாகும்.

7. நடைமுறையை நோக்கி

நிருவாக மாற்றமின்றி நடைமுறையை மாற்றும் முயற்சிகள் தமிழகத்தில் அண்மைக்காலத்தில் நிகழ்ந்துள்ளன. 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’, பள்ளி நேரத்துக்குப் பின் தன்னார்வலர் வழி சிறுகுழுவுக்குக் கூடுதல் நேரம் அளித்தது. பெருந்தொற்றுக்கால இழப்பை ஊரகத் தமிழகத்தில் ஆராய்ந்த அபிஜித் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர், பள்ளிகள் திறந்து ஆறு மாதங்களுக்குள் இழப்பில் மூன்றில் இரு பங்கு மீண்டதாகவும், அம்மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இத்திட்டத்தால் விளைந்ததாகவும் கணித்தனர்.

2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், மாணவரை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பகுத்துக் கற்பிக்கிறது. வயதையோ சேர்ந்த மாதத்தையோ பாராமல், அறிந்தது எவ்வளவு என்பதிலிருந்து தொடங்குவதால், ஆண்டின் இடையில் வரும் குழந்தைக்கு இம்முறை இயல்பாகவே இடமளிக்கிறது. கும்மிடிப்பூண்டியில் இந்தியோ ஒடியாவோ பேசிக்கொண்டு நான்காம் வகுப்பில் வந்து சேரும் குழந்தைக்கும் தமிழ் அரும்பிலிருந்தே தொடங்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியுள்ள நிலையில், இடையில் வருவோர்க்கான தமிழ்ப் பாலம் தொடக்க வகுப்புகளோடு நின்றுவிடலாகாது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூன்று கருத்துகளைத் தொகுக்கலாம். முதலாவது, பட்டயப் பள்ளிகளின் சராசரி விளைவு சிறியது. பள்ளிக்குப் பள்ளி வேறுபாடு பெரியது. அவ்வேறுபாட்டை விளக்குவன கற்பித்தல் நடைமுறைகளே. இரண்டாவது, அந்நடைமுறைகளை அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் புகுத்த இயலும். மூன்றாவது, அடைவை மட்டும் அளவுகோலாக்கும் எவ்வமைப்பும், நிலையாக ஓரிடத்தில் வாழும் குழந்தைக்குச் சாதகமாகவே அமையும்.

ஆகவே, அடைவு வளர்ச்சியோடு சேர்க்கைக் கணக்கும் ஒவ்வொரு பள்ளிக்கும் வைக்கப்பட வேண்டும். தன் எல்லைக்குள் வாழும் குழந்தைகள் எத்தனை பேர், இடையில் வந்தோர் எத்தனை பேர், இடையில் சென்றோர் எங்குச் சேர்ந்தனர் என்பவை அதில் இடம்பெறல் வேண்டும். தமிழகக் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையில் மாணவர் ஒவ்வொருவருக்கும் தனி எண் இருப்பதால் மாநிலத்துக்குள் இது இயலக்கூடியதே. ஒடிசாவுடன் தரவைப் பகிர்வது அடுத்த படி. வளர்ச்சியை ஆண்டுக்கணக்கில் அளப்பதற்கு மாறாக, பள்ளியில் இருந்த மாதக்கணக்கில் அளந்தால் ஐந்து மாதம் தங்கும் குழந்தையும் கணக்குக்குள் வரும்.

ஆய்வாளர்க்கும் இங்குப் பணி உண்டு. ஒதுக்கீட்டுக் குலுக்கலில் வென்றோரையும் வெல்லாதோரையும் தமிழிலும் கணிதத்திலும் ஒப்பிடும் ஆய்வு, ஆந்திர முடிவு தமிழகத்துக்கும் பொருந்துமா என்பதைத் தெளிவாக்கும். அதனை மேற்கொள்வோர், விண்ணப்பித்தோர் பட்டியலோடு நிறுத்திக்கொள்ளாமல், சூளைகளில் வாழும் விண்ணப்பிக்காத குழந்தைகளையும் மூன்றாம் குழுவாகச் சேர்த்தல் வேண்டும். ஒரு மாவட்டத்தின் கற்றல் அடைவு என்பது அம்மாவட்டத்தில் வாழும் எல்லாக் குழந்தைகளின் அடைவாகும். அவர்கள் அங்கு வாழ்வது ஐந்து மாதமேயாயினும் அது பொருந்தும்.